புல்லட் ரயிலும் நாலாவது சீட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் மும்பை புறநகர் டோம்பிவிலியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். சிவில் படித்தவன். ஒரு துணை ஒப்பந்தக்காரரிடம் வேலை, குஜராத்தில் வாபி பக்கம், மும்பை–அகமதாபாத் புல்லட் ரயில் பாலத்தில். சாப்பிட்டுக் கை கழுவியதும் செல்போனை நீட்டினான். வீடியோவில் நாற்பது மீட்டர் நீளத்துக்கு ஒரு கான்கிரீட் கர்டர், ஒரே துண்டு, எடை 970 டன். ராட்சத வண்டி ஒன்று அதைச் சுமந்துபோய் இரண்டு தூண்களுக்கு மேலே சத்தமில்லாமல் இறக்கி வைக்கிறது. மூன்று முறை பார்த்தேன்.

"எப்படி இருக்கு மாமா?"

"பிரமாதமா இருக்குடா."

"அப்புறம் எதுக்கு ஃபேஸ்புக்ல திட்டிக்கிட்டே இருக்கீங்க?"

அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன், அவனும் படிப்பான்.

முதலில், நான் கைவிட்ட வாதங்கள். 2017-ல் இந்தத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியபோது 'கடன் வாங்கிக் கல்யாணம்' என்று நானும் எழுதினேன். 508 கிலோமீட்டர், 1,08,000 கோடி ரூபாய், அதில் 81 சதவீதம் ஜப்பான் கடன். வட்டி 0.1 சதவீதம். ஐம்பது வருஷத்தில் கட்டினால் போதும், முதல் பதினைந்து வருஷம் அசலே கேட்க மாட்டார்கள். எங்கள் அப்பா தாராவியில் மீட்டர் வட்டிக்கு வாங்கித் தொழில் செய்தவர். அவர் உயிரோடு இருந்து இந்தக் கணக்கைப் பார்த்திருந்தால், நான் எழுதியதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். யென் மதிப்பு ஏறி நம்மை விழுங்கிவிடும் என்றும் பயமுறுத்தினோம். அப்போது ஒரு யென் 58 காசு வாக்கில் இருந்தது, இப்போதும் அந்தப் பக்கமேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஏறியது திட்டச் செலவு. ஏறக்குறைய 2 லட்சம் கோடி என்று இப்போது பேசுகிறார்கள்.

'அகமதாபாத்துக்குத்தான் விமானம் இருக்கிறதே' என்கிற வாதமும் எனக்கு ஒட்டவில்லை. விமானத்தில் போகிறவனை ரயிலுக்குக் கொண்டுவருவது நல்ல காரியம்தான். வந்தே பாரத்தில் ஐந்தரை மணி நேரம் ஆகிறது. (அது ஓடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே எருமைகள் மேல் மோதி மூக்கை உடைத்துக்கொண்டது. தரையில் வேலி இல்லாமல் வேகம் மட்டும் வந்தால் அப்படித்தான்.) புல்லட் ரயில் 2 மணி 7 நிமிடத்தில் போகும் என்கிறார்கள். போகட்டும், வயிற்றெரிச்சல் இல்லை.

செலவு இரட்டிப்பானதை வைத்து மட்டும் திட்டத்தைத் திட்டவும் இப்போது எனக்கு மனசு வரவில்லை. ஜப்பானிலும் இதேதான் நடந்தது. டோக்கியோ–ஒசாகா பாதையைப் போட்ட தேசிய ரயில்வேயின் தலைவர் சோகோ ஷிஞ்சி. உண்மைச் செலவைச் சொன்னால் நாடாளுமன்றம் ஒப்புக்கொள்ளாது என்று தெரிந்தே குறைத்துக் காட்டியவர். உலக வங்கியிடம் 8 கோடி டாலர் கடனும் வாங்கிக்கொண்டார், அரசு நடுவில் பின்வாங்க முடியாதபடி. செலவு ஏறக்குறைய இரண்டு மடங்கானது, 1963-ல் பதவி போனது. 1964 அக்டோபர் 1 அன்று முதல் வண்டி கிளம்பியபோது மேடையில் அவர் இல்லை. இன்றைக்கு அந்தப் பாதையை வீண் செலவு என்று யார் சொல்வார்கள்? புல்லட் ரயிலை ஆதரிக்கும் நண்பர்கள் இந்தக் கதையை அடிக்கடி எடுத்துவிடுவார்கள். சரியான கதைதான், ஆனால் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

மீதியைச் சொல்கிறேன். புல்லட் ரயில் ஓட ஆரம்பித்த அடுத்த வருஷமே, 1965-ல், அதே ஜப்பான் ரயில்வே டோக்கியோவின் புறநகர் பாதைகளில் கை வைத்தது. நகரத்துக்குள் வரும் ஐந்து திசைகளிலும் தண்டவாளங்களை இரட்டிப்பாக்கும் திட்டம். காலையில் பிதுங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவனுக்கான திட்டம் அது. ஒசாகாவுக்குப் போகிறவனுக்கும் புறநகரிலிருந்து வருகிறவனுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அவசரம் காட்டினார்கள்.

இங்கே?

நான் 27 வருஷமாக டோம்பிவிலியிலிருந்து வி.டி.க்கு, அதாவது இப்போதைய சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனுக்கு, லோக்கல் ரயிலில் போய் வருகிறேன். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு நாலாவது சீட்டு என்றால் புரியாது. மூன்று பேர் உட்காரும் பலகை. 'தோடா சர்கோ', கொஞ்சம் நகருங்க, என்றால் மூவரும் ஜன்னல் பக்கம் நெருங்குவார்கள், ஓரத்தில் ஒரு சாண் இடம் கிடைக்கும். அதில் ஒரு பக்கத்துத் தொடையை மட்டும் வைத்து, மறு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு பைகுல்லா வரைக்கும் போகலாம். அதுகூட இப்போது கனவு. உட்கார வேண்டுமென்றால் முதலில் எதிர்ப்பக்க வண்டியில் ஏறிக் கல்யாணுக்குப் போய், அங்கே காலியாகிற வண்டியில் திரும்பி வரவேண்டும். மேற்கே போவதற்காகக் கிழக்கே போகிற பிழைப்பு. 55 வயதில் நானும் அதைச் செய்கிறேன். இளவட்டங்கள் வாசலில் தொங்குகிறார்கள்.

2025 ஜூன் 9, திங்கட்கிழமை காலை. எங்கள் பாதையில் இருக்கும் மும்ப்ரா வளைவில் எதிரும் புதிருமாக இரண்டு லோக்கல் கடந்தபோது, வாசலில் தொங்கிய ஆட்கள் கொத்தாகக் கீழே விழுந்தார்கள். பைகள் ஒன்றோடொன்று உரசியதுதான் காரணம் என்று ரயில்வே சொன்னது. செத்தவர்கள் எங்களைப் போல லோக்கலில் போகிறவர்கள். அன்றைக்கு நான் அந்த வண்டியில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். புதிய லோக்கல் வண்டிகளுக்குத் தானாக மூடும் கதவு வரும் என்று உடனே அறிவித்தார்கள். அப்படி ஒரு வண்டியில் நான் இன்னும் ஏறவில்லை. மும்பை தண்டவாளங்களில் வருஷத்துக்கு 2,000 பேருக்கு மேல் சாகிறார்கள். நாளுக்கு ஐந்தாறு பேர் என்பதால் அது செய்தியாவதே இல்லை.

அந்த வளைவை ஒட்டித்தான் தாணே–திவா ஐந்தாவது, ஆறாவது பாதை போகிறது. ஒன்பது கிலோமீட்டர் சொச்சம். 2008-ல் ஒப்புதல் ஆனது. முடிந்தது 2022 பிப்ரவரியில். நாங்கள் காத்திருந்த காலத்தில் ஒரு குழந்தை பிறந்து, பள்ளிக்கூடம் போய், எட்டாவது முடித்திருக்கும். அதேபோல மும்பை புறநகர் ரயிலுக்கான மூன்றாம் கட்டத் திட்டத்துக்கு 2016 டிசம்பரில் ஒப்புதல் தந்தார்கள். மொத்தம் 10,947 கோடி. புல்லட் ரயிலின் பழைய மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கு. அதற்குள் இருக்கும் ஐரோலி–கல்வா இணைப்பு வந்தால், நவி மும்பைக்குப் போகிற எங்கள் ஆட்கள் தாணேயில் இறங்கி முட்டி மோதி மாற வேண்டியிருக்காது. எப்போது வரும் என்று கேட்டால் எங்கள் வண்டியில் யாருக்கும் தெரியாது. புல்லட் ரயிலுக்குத் தேதி இருக்கிறது: 2027 ஆகஸ்டில் குஜராத்துக்குள் ஒரு பகுதி, 2029 கடைசியில் முழுத் தூரம்.

எனக்கு மறக்கவே முடியாத இரண்டு தேதிகள் உண்டு. 2017 செப்டம்பர் 14, சபர்மதியில் புல்லட் ரயிலுக்கு அடிக்கல் நாட்டு விழா, இந்தியா, ஜப்பான் இரண்டு நாட்டுப் பிரதமர்கள். செப்டம்பர் 29, மும்பை எல்ஃபின்ஸ்டன் ரோடு ஸ்டேஷன், மறுநாள் தசரா. மழைக்கு ஒதுங்கிய கூட்டம் குறுகலான நடைபாலத்தில் நெரிசலில் நின்றது. பக்கத்தில் பூ மார்க்கெட். யாரோ ஒருவரின் பூமூட்டை சரிந்து 'ஃபூல் கிர் கயா', பூ விழுந்துவிட்டது என்று கத்த, அது 'புல் கிர் கயா', பாலம் விழுந்துவிட்டது என்று காதில் விழுந்ததாக அப்போது சொன்னார்கள். 23 பேர் செத்தார்கள். அந்த இடத்துக்குப் புதுப் பாலம் வேண்டும் என்று ஏற்கெனவே ஒப்புதல் ஆகியிருந்தது, டெண்டர்தான் நகரவில்லை. பிறகு ராணுவம் வந்தது. 2018 பிப்ரவரியில் பாலம் திறந்தாயிற்று. ஐந்து மாதம்!

அந்த ஐந்து மாதம்தான் என்னை மாற்றியது. அதுவரைக்கும் பணம் இல்லாததால்தான் எங்களுக்குப் பாலம் வரவில்லை, புல்லட் ரயில் எங்கள் பணத்தைச் சாப்பிடுகிறது என்று நினைத்திருந்தேன். பணமும் இருந்தது, ஆளும் இருந்தது. பிணம் விழுகிறவரைக்கும் யாருக்கும் அவசரம் இல்லை.

மருமகன் இதற்கும் ஒரு பதில் வைத்திருப்பான், எனக்குத் தெரியும். "இந்த ரயிலை நிறுத்தினா அந்தப் பணத்தை உங்க லோக்கலுக்குக் குடுத்துருவாங்களா மாமா?" மாட்டார்கள்டா. ஜப்பான்காரன் டோம்பிவிலிக் கூட்டத்துக்குக் கடன் கொடுக்கப் போவதில்லை. அதனால்தான் நிறுத்து என்று நான் சொல்வதை நிறுத்திவிட்டேன். இந்தப் பாதைக்காகப் பால்கரில் நிலம் போன ஆதிவாசிகள் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள், அவர்களுக்காகப் பேச எனக்குத் தகுதி இல்லை. என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். அகமதாபாத் போகிறவருக்கு மிச்சமாகும் மூன்று மணி நேரத்தைத் திட்ட அறிக்கையில் ரூபாயாக மாற்றிக் கணக்குப் போடுகிறார்கள். நான் 27 வருஷமாகத் தினமும் வண்டியில் விடுகிற மூன்று மணி நேரம் எந்த அறிக்கையில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

புல்லட் ரயிலுக்குக் கடலுக்கடியில் ஏழு கிலோமீட்டர் உட்பட 21 கிலோமீட்டர் சுரங்கம் வருகிறது. அது பாந்த்ரா–குர்லா வளாகத்தில் ஆரம்பித்து ஷில்பாட்டாவில் வெளியே வருகிறது. ஷில்பாட்டா எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோ தூரம். மும்ப்ரா வளைவும் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். மருமகனைப் பஸ் ஏற்ற அந்த வழியாகத்தான் போனோம். கல்யாண்–ஷில் ரோட்டில் வழக்கம்போல வண்டிகள் அசையவில்லை. அவன் ஆட்டோவிலிருந்து எட்டிப் பார்த்து, "அந்தப் பக்கம்தான் மாமா, சுரங்கத்தோட வாய்" என்று கை காட்டினான். முகத்தில் அப்படி ஒரு பெருமை. பார்த்தேன். லாரிகள்தான் தெரிந்தன. அங்கேயே நாற்பது நிமிஷம் நின்றிருந்தோம், அவன் பஸ் போய்விட்டது.