29 நிமிடம் 18 விநாடி

‘உலகத்திலேயே தலைசிறந்த லைவ் ஆல்பம்’ என்று, இங்கிலாந்து ராக் இசைக்குழு லெட் செப்பெலினின் ‘தி சாங் ரிமெய்ன்ஸ் தி சேம்’ அட்டையைப் போட்டு ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறார் ஒரு புண்ணியவான். பக்கத்தில் வரிசையாகத் தீ எமோஜி. தம்பி, முழுசாகக் கேட்டாயா? சாமி சத்தியமாகச் சொல். ‘டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்’ பாதியில் விரல் தானாக அடுத்த பாட்டைத் தேடிப் போகவில்லை?

நான் இந்தக் குழுவின் வெறியன். அதனால்தான் வயிறு எரிகிறது. வேறு எவனாவது வாசித்திருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பேன்.

ஸ்டேட்டஸைப் பார்த்த கடுப்பில் நேற்று ராத்திரி வீம்புக்குப் போட்டேன். தாண்டக் கூடாது, நிறுத்தக் கூடாது. 1969-இல் முதல் ஆல்பத்தில் இந்தப் பாட்டு ஆறரை நிமிடம்தான். ஜோன்ஸின் பேஸ் கிட்டார் ஒவ்வொரு படியாக இறங்கி வரும், பான்ஹம் டிரம்ஸில் கிளப்புவார், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு முடியும். இந்த லைவ் ஆல்பம் பதிவான 1973 ஜூலை, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்திலும் அதே பேஸ்தான் இறங்கி வருகிறது. ஆஹா என்று சாய்ந்து உட்கார்ந்தேன். திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிட்டார் ரிஃப் வந்தது, பாடகர் பிளான்ட் பாடினார். எல்லாம் சுகம். அப்புறம் பாட்டு மெதுவாகிறது. பிளான்ட் சம்பந்தமே இல்லாமல், சான் பிரான்சிஸ்கோ போகிறவர்களைப் பூ வைத்துக்கொள்ளச் சொல்லும் வேறொருவரின் பாட்டை எடுத்து இழுக்கிறார். நிற்பது நியூயார்க்கில். சரி, போகட்டும்.

பிறகு அந்த வயலின் வில் வெளியே வருகிறது.

ஜிம்மி பேஜ் கிட்டார் கம்பியில் வில்லைப் போட்டு இழுக்கிறார். ஒரு முனகல். எக்கோ இயந்திரம் அதை வாங்கித் திருப்பித் தருகிறது. வில்லால் கம்பியில் ஓர் அடி. வில்லைக் கூட்டத்தை நோக்கி நீட்டுகிறார். எதிரொலி. மறுபடி அடி, மறுபடி நீட்டல், மறுபடி எதிரொலி. அரங்கத்து இருட்டில் நின்று பார்த்தவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்திருக்கும், மறுக்கவே இல்லை. ஆனால் ஐயா, நீட்டுகிற வில் ஆல்பத்தில் தெரியாது! நான் எதைப் பார்ப்பது? எதிர்ச்சுவரைப் பார்த்தேன். அடி. எதிரொலி. எழுந்து போய்ப் பால் வைத்தேன். அடி. எதிரொலி. பால் பொங்கி வழிந்தது. அடுப்பைத் துடைத்தேன், பர்னரைக் கழற்றிக் கழுவினேன், திரும்பி வந்தேன். வில் இன்னும் கம்பி மேல்தான். ‘அப்பா, ஸ்பீக்கர் போயிடுச்சா?’ என்று உள்ளிருந்து பையன் குரல். போகவில்லைடா, இதுதான் பாட்டு.

ஒருவழியாக பான்ஹம் உள்ளே வந்து எல்லோரையும் எழுப்புகிறார். வேகம் பிடிக்கிறது. பேஜ் ஒன்று வாசிக்க, பிளான்ட் ‘ஆ’ என்க, பேஜ் இன்னொன்று வாசிக்க, பிளான்ட் இன்னொரு ‘ஆ’. இதோ முடிகிறது என்று நிமிர்ந்து உட்காரும்போதெல்லாம் இன்னொரு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். 1976-இல் இரட்டை எல்பியாக வந்தபோது இந்த ஒரே பாட்டு ஒரு பக்கம் முழுக்க, 26 நிமிடம் 53 விநாடி.

இதே பெயரில் வந்த கச்சேரிப் படத்தைப் பார்த்தால் விளங்கும் என்பார்கள். பார்த்தாயிற்று. வில் வாசிப்பு நடக்கும்போது பேஜ் நள்ளிரவில் ஒரு மலையில் ஏறுகிறார். உச்சியில் விளக்கோடு ஒரு கிழவர். கிட்டே போனால் கிழவரும் பேஜ்தான். இதற்காக ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரிப் பக்கம் வரை போய்ப் படம் பிடித்திருக்கிறார்கள்! ஆனால் மேடையை ஒழுங்காகப் பிடித்தார்களா என்றால், இல்லை. பாட்டுக்கு நடுவே காட்சி இல்லாமல் ஓட்டை. அடுத்த வருடம் இங்கிலாந்தில் ஷெப்பர்டன் ஸ்டுடியோவில் அதே மேடையைப் போட்டு, ஓடுகிற ஒலிப்பதிவுக்கு ஏற்ப வாசிக்கிற மாதிரி நடித்து ஒட்டினார்கள். அதற்குள் ஜோன்ஸ் முடியைக் குறைத்துவிட்டதால் அவருக்கு விக். ஒலியும் ஓர் இரவினுடையது இல்லை, மூன்று இரவுகளிலிருந்து பொறுக்கியது. லைவ்! அந்தக் கச்சேரி நாட்களில் ஹோட்டல் லாக்கரிலிருந்து குழுவின் பணம் ஏறத்தாழ 2 லட்சம் டாலர் திருட்டுப் போனது, திருடன் அகப்படவே இல்லை. என் நேரத்தைத் திருடியவர்கள் பெயர் மட்டும் அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதுதான் உச்சம். 2007-இல் மொத்தத்தையும் புதிதாக மிக்ஸ் செய்து, விட்டுப்போன 6 பாட்டுகளைச் சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள். ‘சின்ஸ் ஐ’வ் பீன் லவிங் யூ’ வந்தது, ‘தி ஓஷன்’ வந்தது. நல்லது, கும்பிடுகிறேன். அந்த ‘சின்ஸ் ஐ’வ் பீன் லவிங் யூ’ ஒன்றுக்காகவே பேஜ் செய்த அத்தனையையும் மன்னிக்கலாம் என்றிருந்தேன். கூடவே ‘டேஸ்ட்’ எவ்வளவு ஆனது தெரியுமா? 29 நிமிடம் 18 விநாடி. நீளம் என்று முப்பது வருடம் உலகமே புலம்பியதைக் கேட்டு, இரண்டரை நிமிடம் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சரி, எங்கே குறைத்தார்கள்? ‘மோபி டிக்’கில்! பான்ஹமின் டிரம்ஸில்! 12:47 இருந்தது 11:02 ஆகிவிட்டது. குச்சியைத் தூரப் போட்டுவிட்டு வெறுங்கையால் தோலைத் தட்டி ஓர் அரங்கத்தையே கட்டிப்போட்ட மனுஷன். 1980-இல் போய்ச் சேர்ந்துவிட்டார், திரும்பி வந்து இன்னொரு தடவை வாசிக்கப் போவதில்லை. அவரிடமிருந்து நறுக்கி வில்லுக்குத் தானம்.

அந்தப் புது வரிசையில் ‘டேஸ்ட்’ முடிந்த கையோடு வருவது ‘ஸ்டேர்வே டு ஹெவன்’. பாட்டின் நடுவே பிளான்ட் கூட்டத்தைப் பார்த்துக் கேட்கிறார்: சிரிப்பு என்று ஒன்று இருந்ததே, யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? இருந்ததுப்பா, ஆறரை நிமிடம் வரைக்கும் இருந்தது. அதற்கப்புறம் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, கழுவின பர்னரைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன்.

அது கிடக்கட்டும். தண்ணி கேன் போடுகிறவர் காலையிலிருந்து ‘பத்து நிமிஷத்துல வந்துடறேன் சார்’ என்கிறார். அதுவும் ஜிம்மி பேஜின் பத்து நிமிஷம்தான் என்று தெரிகிறது. வீட்டில் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை.