பத்தொன்பது வெற்றி, பத்தொன்பது தோல்வி

தேங்க்ஸ்கிவிங் மறுநாள், 2025 நவம்பர் 28. லிங்கன் நகரின் மெமோரியல் ஸ்டேடியத்தில் நடந்த கல்லூரி ஃபுட்பால் ஆட்டத்தில் நாங்கள், அதாவது எங்கள் நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணி, பக்கத்து மாநிலமான அயோவாவிடம் 40-16 என்று தோற்றோம். நானும் மகளும் போயிருந்தோம். மூன்றாவது கால் பகுதியிலேயே எனக்குப் பின்வரிசையில் ஒருவர் "ரூலை இன்னிக்கே அனுப்புங்க" என்று எங்கள் கோச்சைக் குறித்துக் கத்தத் தொடங்கிவிட்டார். பாதிப் பேர் கார் நிறுத்திய இடத்துக்கு நடையைக் கட்டிவிட்டார்கள்.

எங்களுக்குப் பக்கத்து இருக்கைக்காரர் எழுபது வயதைத் தாண்டிய விவசாயி. காதில் ரேடியோ ஹெட்போன், மடியில் சிவப்புக் கம்பளி. தெர்மாஸ் மூடியில் ஹாட் சாக்லேட் ஊற்றி என் மகளிடம் நீட்டிவிட்டு, கடைசி நொடிவரை உட்கார்ந்திருந்தார். அயோவாப் பையன்கள் மைதானத்தை விட்டு வெளியேறியபோது கம்பளியை மடித்து வைத்துவிட்டு எழுந்து கைதட்டினார். எதிரணிக்குக் கைதட்டி அனுப்புவது இங்கே தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம். ஆனால் 24 புள்ளியில் தோற்ற பிறகு, அதுவும் அயோவாவுக்கு, கைதட்ட ஒரு மனசு வேண்டும்.

அன்று ராத்திரி எங்கள் ஒமாஹா தமிழ் நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் சண்டை. கடைசியில் அந்த சீசன் 7-6 (ஏழு வெற்றி, ஆறு தோல்வி) என்று முடிந்ததும் ஒரு நண்பர் கணக்கைப் போட்டார். "மாட் ரூல் மூணு வருஷத்துல 5-7, 7-6, 7-6. மொத்தம் 19-19. முன்னாடி கோச்சா இருந்த மைக் ரைலியும் மூணு வருஷத்துல இதே 19-19தான். அவரை 2017-ல வீட்டுக்கு அனுப்பினோம்ல? இவருக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?"

நியாயமான கேள்வி. குழுவில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். விளையாட்டே தெரியாத நண்பர்களுக்கு ஒரு வரி: நான் பேசுவது அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால். நெப்ராஸ்கா மாநிலத்தில் பெரிய தொழில்முறை அணி எதுவும் கிடையாது. பல்கலைக்கழக அணிதான் எல்லாமே. 1962 நவம்பரிலிருந்து இந்த ஸ்டேடியத்தில் ஒரு ஆட்டத்துக்குக்கூட டிக்கெட் மீந்ததில்லை. ஆட்டத்தன்று ஸ்டேடியத்தைத் தனி ஊராக எண்ணினால், மாநிலத்திலேயே மூன்றாவது பெரிய ஊர் அதுதான்.

பொறுமையாக இருக்கலாம் என்று சொல்கிறவர்கள் உடனே நம் பழைய கோச் டாம் ஆஸ்போர்னை இழுப்பார்கள். 1973-ல் வந்தார், முதல் ஐந்து வருடமும் ஓக்லஹோமாவிடம் தோற்றார், முதல் தேசியப் பட்டம் 22-வது சீசனில், 1994-ல்தான் வந்தது, ஆகவே காத்திருங்கள் என்பார்கள். அந்த உதாரணம் எனக்கு ஒத்துவரவில்லை. ஆஸ்போர்ன் ஒரு வருடம்கூட ஒன்பது வெற்றிக்குக் கீழே போனதில்லை. ஒன்பது ஜெயிப்பவரைப் பொறுத்துக்கொள்வதற்குப் பொறுமை எதற்கு?

உண்மையான உதாரணம் மிசௌரி ஆற்றுக்கு அந்தப் பக்கம், நாம் கரித்துக்கொட்டும் அயோவாவில் இருக்கிறது. கிர்க் ஃபெரென்ட்ஸ் 1999-ல் அங்கே கோச்சாக வந்தார். அவருடைய முதல் ஆட்டமே நம்முடன்தான். அவர்கள் ஊரிலேயே போய் 42-7 என்று அடித்துவிட்டு வந்தோம். அந்த வருடம் அவர் கணக்கு 1-10, அடுத்த வருடம் 3-9, மூன்றாவது வருடம் 7-5. மூன்று வருடம் சேர்த்து 11 வெற்றி, 24 தோல்வி. ரூலின் 19-19 அதற்குப் பக்கத்தில் ராஜ வாழ்க்கை. ஆனால் அயோவா அவரை வைத்துக்கொண்டது. நான்காவது வருடம், 2002-ல், 11-2. பிக் டென் என்ற கான்ஃபரன்ஸின், அதாவது பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பின், ஆட்டங்களில் ஒன்றுகூடத் தோற்கவில்லை. இன்றும் அவரே கோச். பிக் டென் வரலாற்றில் அவரை விட அதிக வெற்றி பெற்றவர் யாரும் இல்லை.

அதே காலத்தில் நாம்? ஸோலிச், கேலஹன், பெலினி, ரைலி, ஃப்ராஸ்ட், இப்போது ரூல். இடைக்காலத்துக்கு வந்தவர்களைச் சேர்க்காமலே ஆறு பேர். நமக்குக் கடைசியாகக் கான்ஃபரன்ஸ் பட்டம் வந்தது 1999-ல், அதாவது அயோவா 1-10 ஆடிய அதே வருடம். 2015-லிருந்து அயோவாவோடு ஆடிய 11 ஆட்டங்களில் 10 அவர்களுக்கு.

இதில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம் ஃப்ராங்க் ஸோலிச். ஆஸ்போர்னுக்குக் கீழே வளர்ந்தவர். ஆறு சீசனில் 58-19. 2001 சீசனில் தேசிய இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். 2003 நவம்பர் 28 அன்று கொலராடோவை அவர்கள் ஊரிலேயே 31-22 என்று ஜெயித்தார், கணக்கு 9-3. மறுநாள் வேலை போய்விட்டது. அணி சுமாராகிப் போவதை ஏற்க முடியாது என்பது நிர்வாகம் சொன்ன காரணம். அடுத்து வந்த கேலஹனின் நான்கு வருடத்தில் இரண்டு வருடம் தோல்விகளே அதிகம். நான் படிக்க வந்தது 2007 ஆகஸ்டில். அந்த நவம்பரில் கேன்சஸிடம் 76-39 என்று தோற்றோம். ஆட்ட விதி பாதிகூடப் புரியாத எனக்கே, விடுதி டிவி அறையில் உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போ பெலினி கதையும் அதே அச்சு. ஏழு வருடமும் ஒன்பது அல்லது பத்து வெற்றி. வாய்த் துடுக்கு உண்டு, ரசிகர்களைத் திட்டிய ஒலிப்பதிவு வெளியே வந்தது, நானும் கோபப்பட்டேன். 2014-ல் அயோவாவை அவர்கள் ஊரில் கூடுதல் நேரத்தில் 37-34 என்று ஜெயித்தார். இரண்டாவது நாள் அவரையும் அனுப்பினார்கள். அதற்கப்புறம் நாம் ஒன்பது ஆட்டம் ஜெயித்தது ஒரே ஒரு வருடம், 2016.

பக்கத்து இருக்கைப் பெரியவரிடம் ஒருமுறை ஸோலிச் பற்றிக் கேட்டேன். ரொம்ப நேரம் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "அவரை அனுப்பினப்ப நானும் சரின்னுதான் சொன்னேன். அடுத்தவர் இதைவிட நல்லாச் செய்வார்னு நினைச்சேன். அடுத்தவர் யாருன்னு நான் யோசிக்கவே இல்லை."

சரி, பொறுமை என்றால் ஃப்ராஸ்டுக்குக் கொடுத்தோமே, அது என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். அதைத்தான் நான் பல நாள் யோசித்தேன். ஸ்காட் ஃப்ராஸ்ட் நம்ம ஊர்ப் பிள்ளை. வுட் ரிவரில் வளர்ந்தவர், 1997-ல் தேசியப் பட்டம் வென்ற நம் அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்), 2017-ல் கோச்சாகச் சென்ட்ரல் ஃப்ளோரிடா அணியை 13-0 என்று கொண்டுபோனவர். அவர் வந்த நாளில் நானே அலுவலகத்தில் இனிப்புக் கொடுத்தேன். முதல் நான்கு வருடக் கணக்கு 4-8, 5-7, 3-5, 3-9. 2021-ன் ஒன்பது தோல்வியும் ஒன்பது புள்ளிக்குள். ஒவ்வொரு வாரமும் "கொஞ்சத்தில் போச்சு" என்று சொல்லிக்கொண்டோம். 2022-ல் டப்ளினில் நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக 28-17 என்று முன்னிலையில் இருந்தபோது, பந்தைக் கொஞ்ச தூரம் மட்டும் உதைத்துத் தாமே திரும்பப் பிடிக்கப் பார்க்கும் ஆன்சைட் கிக் அடிக்கச் சொன்னார். பந்து அவர்கள் கைக்குப் போனது, ஆட்டமும் 31-28 என்று போனது. இரண்டு வாரத்தில் ஜார்ஜியா சதர்னிடம் சொந்த ஊரில் 45-42 என்று தோற்றோம். மறுநாள் அனுப்பினார்கள். அக்டோபர் 1 வரை காத்திருந்தால், ஒப்பந்தத்தை முறிப்பதற்காக அவருக்குக் கொடுக்கவேண்டிய 15 மில்லியன் டாலர் பாதியாகக் குறைந்திருக்கும். அதுவரைகூடத் தாங்க முடியவில்லை.

ஃப்ராஸ்டுக்கு நாம் கொடுத்தது பாசம். பொறுமை என்று தப்பாகப் பெயர் வைத்தோம். பாசம் கண்ணை மூடிக்கொள்ளும். ஐந்து வருடம் ஒரே மாதிரி தோற்றார், கிக் அடிக்கும் பிரிவில் அதே ஓட்டை, கடைசி ஐந்து நிமிடத்தில் அதே பதற்றம். நாம் கேட்கவில்லை. கேட்டால் வீட்டுப் பிள்ளையைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று பயந்தோம். ஸோலிச்சுக்கும் பெலினிக்கும் கொடுத்திருக்க வேண்டியதை அவருக்குக் கொடுத்தோம், அதுவும் கோணலாக.

ரூல் வெளியாள். பென் ஸ்டேட்டில் ஆடியவர், தொழில்முறை லீகான என்.எஃப்.எல்-லில் கோச்சாக இருந்து, கரோலினா அணி அனுப்பிவிட்ட பிறகு இங்கே வந்தவர். பாசம் குறுக்கே வராததால் அவரை நேராகப் பார்க்கலாம். பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான். 2023-ல் 5-3 என்று இருந்த அணி கடைசி நான்கையும் ஏழு புள்ளிக்குள் தோற்றது. அயோவாவிடம் கடைசி நொடி ஃபீல்ட் கோலில் (மூன்று புள்ளி தரும் உதை) 13-10. 2024-லும் அயோவாவிடம் அதே 13-10, அதே மாதிரி கடைசி நொடி. அது ஃப்ராஸ்ட் காலத்து நோயின் மிச்சம். 2025-ல் சின்சினாட்டி 20-17, மேரிலாந்து 34-31, நார்த்வெஸ்டர்ன் 28-21, யு.சி.எல்.ஏ 28-21. நான்கும் நெருக்கமான ஆட்டம், நான்கும் நமக்கு. முன்பெல்லாம் இந்த நான்கில் மூன்றையாவது கோட்டை விட்டிருப்போம். இப்போது அடி விழுவது பெரிய உடம்புக்காரர்களிடம். மினசோட்டா 24-6, பென் ஸ்டேட் 37-10, அயோவா 40-16. முன்வரிசையில் நம் பையன்களைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள். தோற்கும் விதம் மாறியிருக்கிறது. பழைய நோய் தீர்ந்து அடியில் இருந்த அடுத்த நோய் தெரிகிறது. வைத்தியரை மாற்றும் நேரமா இது?

எனக்கு எதிரான வலுவான வாதமும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. அதன் பெயர் கர்ட் சிக்னெட்டி. 2023-ல் 3-9 ஆக இருந்த இண்டியானாவுக்குக் கோச்சாக வந்து, தான் முன்பு இருந்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து தன் பழைய ஆட்டக்காரர்கள் பத்துப் பேருக்கு மேல் கூட்டிவந்து, முதல் வருடமே 11-2. அந்த 2024 அக்டோபரில் நம்மை 56-7 என்று அடித்தார். ரூலுக்கு அது இரண்டாவது வருடம், அவருக்கு முதல் வருடம். ஆட்டக்காரர்கள் பல்கலைக்கழகம் மாறிக்கொள்ள வழிசெய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு நான்கு வருடம் பிள்ளைகளை வளர்த்து அணி கட்டும் காலம் போய்விட்டது, ஒரே வருடத்தில் மாற்றிக் காட்டலாம், பின்னே எதற்குக் காத்திருப்பது என்கிறார்கள். ரூலே முன்பு கோச்சாக இருந்த டெம்பிளில் 2-10-லிருந்து மூன்றாவது வருடம் 10-4, பெய்லரில் 1-11-லிருந்து மூன்றாவது வருடம் 11-3 என்று காட்டியவர். இங்கே மூன்றாவது வருடம் 7-6. ஏமாற்றம்தான். நானும் அந்தத் தாவலை எதிர்பார்த்துக் காத்திருந்தவன்.

ஆனால் சிக்னெட்டி மாதிரி ஒருவர் கிடைப்பார் என்று நம்பித்தான் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் இப்போது கோச்சை அனுப்புகிறது. டெக்ஸஸ் ஏ அண்ட் எம் 2023-ல் ஜிம்போ ஃபிஷரை அனுப்ப 75 மில்லியன் டாலருக்கு மேல் ஒப்புக்கொண்டது. போர்ட்டல் இரண்டு பக்கமும் வெட்டும். கோச் போனால் நல்ல ஆட்டக்காரர்கள் கூட்டமாகக் கிளம்புவார்கள். கோச் மாறாமலே நம் குவார்ட்டர்பேக் டிலன் ரயோலா போய்விட்டார். கோச்சும் போயிருந்தால் யார் மிஞ்சியிருப்பார்கள்? இருபது வருடமாக "அடுத்தவர் நல்லாச் செய்வார்" என்றே ஓடி ஓடி வந்த இடம் இது.

இதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. நவம்பர் மாதத்தில் ரூலின் கணக்கு மூன்று வருடம் சேர்த்து 2-10. குளிர் ஏற ஏற இந்த அணி மெலிகிறது. இதற்கு அவர் பதில் சொல்லியே ஆகவேண்டும், ஒவ்வொரு செய்தியாளர் சந்திப்பிலும் கேட்கவேண்டும். முன்வரிசைப் பயிற்சியாளரையும் தடுப்பாட்டப் பொறுப்பாளரையும் மாற்றியிருக்கிறார், சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். நிர்வாகத்தின் மேல் எனக்கு வேறு கோபம். 2025 அக்டோபர் கடைசியில், பென் ஸ்டேட் கோச் இடம் காலியாக இருந்த நேரத்தில், ரூலைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தில் ஒப்பந்தத்தை 2032 வரை நீட்டினார்கள். நவம்பர் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னால்! இன்னும் நான்கு வாரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். ரசிகன் பொறுமையாக இருப்பதும், நிர்வாகம் பயந்து பணப்பெட்டியைத் திறப்பதும் ஒன்றாகாது.

குழுவில் கேட்ட நண்பருக்கு: ரைலியின் 19-19 என்பது, ஒன்பது ஜெயித்த அணி 4-8-க்கு இறங்கி வந்த கணக்கு. ரூலுடையது 4-8-ல் கிடந்த அணி ஏழுக்கு ஏறி அங்கேயே நிற்கும் கணக்கு. நிற்பது எனக்கும் போதாது. இன்னும் இரண்டு சீசன் கொடுக்கலாம். அதிலும் முதல் சீசனிலேயே நவம்பரில் மாற்றம் தெரியவேண்டும். தெரியாவிட்டால் நீங்கள் கேட்ட கேள்வியை நானே முதலில் கேட்பேன்.

அன்று வெளியே வரும்போது வடக்குப் பக்கம் காற்று ஊசியாகக் குத்தியது. பெரியவர் என் மகளிடம், "அடுத்த வருஷம் உனக்குத் தனி மூடி கொண்டுவரேன், என்னோடதுல குடிக்க வேண்டாம்" என்றார். டிக்கெட்டை நான் புதுப்பித்துவிட்டேன். அதே வரிசை, அதே மூன்று இருக்கை.