பட்டன் போனுக்கு எதுக்கு ஒன்றரை ஜி.பி.?

அம்மாவின் பட்டன் போனுக்குத் தினமும் ஒன்றரை ஜி.பி. நெட் வருகிறது. போன வாரம் நீலகிரி சேரம்பாடிக்கு, எங்கள் லயத்துக்கு (தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) போயிருந்தபோதுதான் பார்த்தேன். அந்த போனில் நெட்டே கிடையாது. டார்ச் உண்டு, எப்.எம். உண்டு, பாம்பு விளையாட்டு உண்டு, அவ்வளவுதான். அம்மாவுக்கு வேண்டியது மூன்றே விஷயம்: நான் திருப்பூரிலிருந்து கூப்பிட்டால் மணி அடிக்கணும், தங்கச்சியிடம் பேச முடியணும், பேங்க் மெசேஜ் வரணும். இதற்கு 28 நாளுக்கு ஒரு தடவை 299 ரூபாய். ரீசார்ஜ் மெசேஜ்களை உட்கார்ந்து எண்ணினேன், 14 இருந்தது. எல்லாமே இங்கிலீஷில். அம்மா கடைக்குப் போய் "ஒரு மாசத்துக்குப் போட்டு விடுங்க தம்பி" என்று சொல்லியிருக்கிறார், அவர்களும் எது எல்லாருக்கும் போடுகிறார்களோ அதையே போட்டு விட்டிருக்கிறார்கள். 14 தடவைக்கு 4,186 ரூபாய். மாசம் 1,000 ரூபாய் வருகிற மகளிர் உரிமைத் தொகையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, பயன்படுத்தவே முடியாத நெட்டுக்காகவும் சேர்த்துப் போயிருக்கிறது.

எனக்கு அன்றைக்கு இராத்திரி தூக்கம் வரவில்லை. ஏனென்றால் திருப்பூருக்குப் போவதற்கு முன்னால் கூடலூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் எட்டு வருஷம் ரீசார்ஜ் போட்டுக் கொடுத்தவன் நான். ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் எந்த பேக் எதற்கு என்று சொன்னவன், அம்மாவுக்குச் சொல்லவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வீட்டில் வயசானவர்கள் இருக்கிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

நான் கடையில் சேர்ந்தது 2010-ல். நொடிக்கு ஒரு பைசா என்கிற கணக்கை டாடா டோகோமோ கொண்டுவந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, மற்ற கம்பெனிகளும் பின்னாலேயே வந்துவிட்டன. பேசினால் காசு போகும், பேசாவிட்டால் போகாது. "அண்ணே, பத்து ரூபாய்க்கு ஈசி" என்று நோட்டை நீட்டுவார்கள். அதிகமாகப் பேசுகிறவர்கள் கால் ரேட்டைக் குறைக்கிற ரேட் கட்டர் பேக் போட்டுக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு மிஸ்டு கால் போதும், ஒரு மணி அடித்து நின்றால் பஸ்ஸை விட்டு இறங்கியாச்சு என்று அர்த்தம். எங்கள் பக்கத்துக்கென்று தனியாக ஒரு தொல்லை மட்டும் இருந்தது. எருமாடு, அய்யன்கொல்லி பக்கமெல்லாம் வயநாட்டு டவரை போன் தானாகவே பிடித்துக்கொள்ளும். அப்போது அது ரோமிங், அதாவது வெளிமாநில டவர் கணக்கு. சொந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு பந்தலூரிலிருந்து வருகிற காலை எடுத்தாலும் காசு பிடிப்பார்கள். செட்டிங்ஸில் போய் நெட்வொர்க் தேர்வை மேனுவலுக்கு மாற்றித் தமிழ்நாட்டு டவரில் நிறுத்திக் கொடுப்பது எனக்குத் தினப்படி வேலையாக இருந்தது. அந்தத் தொல்லை இன்று இல்லை, உள்நாட்டு ரோமிங்குக்கு இப்போது தனிக் காசு பிடிப்பதில்லை, அது நல்ல விஷயம்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, நெட் விலை தரைக்கு வந்தது, அதையும் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் மாதிரி ஆட்களுக்கு நிஜமான மாற்றம் 2018 கடைசியில்தான் வந்தது. 'லைப்டைம்' என்று சொல்லி விற்ற சிம்மை வைத்திருந்தவர்கள்கூட மாதாமாதம் குறைந்தபட்சம் 35 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால்தான் லைன் இருக்கும் என்றார்கள். டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து ஒரு பாட்டி, பேலன்ஸ் 80 ரூபாய்க்கு மேல் இருக்கிற போனைத் தூக்கிக்கொண்டு வந்து, "காசு இருக்குதுப்பா, ஏன் கால் போகல?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அவருக்குப் புரிகிற மாதிரி பதில் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை. இன்று சொல்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தின் அடிவேர் அதுதான்.

பேலன்ஸ் வேறு, வேலிடிட்டி வேறு. முன்பெல்லாம் நாம் வாங்கியது பேச்சு. இப்போது வாங்குவது நாள். 10 ரூபாய்க்கு டாப்-அப் போட்டால் 7 ரூபாய் 47 காசு ஏறும். 18 சதவீத ஜி.எஸ்.டி. போக 8.47, அதில் ஒரு ரூபாய் பிராசஸிங் கட்டணம். அந்த 7.47 போனில் பத்திரமாக இருக்கும், ஆனால் வேலிடிட்டி இல்லாவிட்டால் அதை வைத்து ஒரு கால்கூடப் பேச முடியாது. வேலிடிட்டி இருந்தாலோ உள்ளூர் கால், எஸ்.டி.டி. எல்லாமே பேக்கிலேயே அடக்கம், அந்த 7.47-க்கு வேலையே இல்லை. அப்புறம் டாப்-அப் எதற்கு என்றால், ஐ.எஸ்.டி.க்கு, அதாவது வெளிநாட்டுக் காலுக்கு. இது எங்கள் ஆட்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள்தானே நாம், பாதிச் சொந்தம் இன்னும் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் இருக்கிற பெரியம்மா நம்பரைத் தங்கச்சி ஒரு தடவை தெரியாமல் சாதாரண காலில் கூப்பிட்டுவிட்டாள், 'அன்லிமிடெட்' பேக் இருந்தும் மெயின் பேலன்ஸில் இருந்த மொத்தமும் போய்விட்டது. அன்லிமிடெட் என்பது இந்தியாவுக்குள் மட்டும். வெளிநாட்டு நம்பரிலிருந்து மிஸ்டு கால் வந்தால் திருப்பிக் கூப்பிடாதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

அடுத்தது இந்த 28 நாள். மாசம் என்று நாம் நினைக்கிறோம், மாசம் இல்லை. வருஷத்தை 28-ஆல் வகுத்துப் பாருங்கள், 13 தடவை வரும். 299 பேக் என்றால் வருஷத்துக்கு 3,588 இல்லை, 3,887. சம்பளமும் உரிமைத் தொகையும் மாசத்துக்கு ஒரு தடவைதான் வருகிறது. போன் மட்டும் நாலு வாரத்துக்கு ஒரு தடவை கையை நீட்டுகிறது. 2022 ஜனவரியில் போன் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துகிற டிராய் ஒரு உத்தரவு போட்டது, ஒவ்வொரு கம்பெனியும் முழுசாக 30 நாள் செல்லுபடியாகும் பேக்கும், மாசாமாசம் அதே தேதியில் புதுப்பிக்கிற பேக்கும் கொடுத்தாக வேண்டும் என்று. அந்த பேக்குகள் இருக்கின்றன, ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். "ஒரு மாசத்துக்குப் போடுங்க" என்று சொல்லாதீர்கள், "எத்தனை நாள் வேலிடிட்டி?" என்று கேளுங்கள்.

இப்போது நெட்டுக்கு வருகிறேன். தினமும் ஒன்றரை ஜி.பி., தினமும் இரண்டு ஜி.பி. என்கிற இந்தக் கணக்கு கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருக்கிறவர்களுக்குச் சரிப்படலாம். எங்கள் மலைக்கு இது சுத்தமாக ஒத்துவராது. இலை பறிக்கப் போகிற காட்டில் பகல் முழுக்க சிக்னல் இருக்காது. ஆடி மழையில் மரம் விழுந்து கரண்ட் போனால், டவரில் பேட்டரி இருக்கிற வரைக்கும்தான் போனும். அன்றைக்கு உண்டான ஒன்றரை ஜி.பி. நள்ளிரவு 12 மணிக்கு அழிந்துவிடும், மறுநாளைக்குச் சேராது. மூன்று நாள் டவர் இல்லை என்றால் மூன்று நாள் நெட்டும் போனதுதான். அதே சமயம் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டில் இருக்கும்போது சாயங்காலத்துக்குள் தீர்ந்துபோகும். தீர்ந்ததும் வேகத்தை 64 கே.பி.பி.எஸ்.-க்கு இறக்கிவிடுவார்கள். அது எவ்வளவு என்றால், ஒரு எம்.பி. அளவுள்ள போட்டோ இறங்க இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும்.

இதில் என்ன பெரிய கஷ்டம் என்று கேட்கலாம். எங்கள் பக்கம் யானை எங்கே நிற்கிறது என்கிற தகவல் வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது. எழுத்தில் போட்டால் அந்த வேகத்திலும் வந்து சேரும். ஆனால் அவசரத்தில் யார் டைப் செய்கிறார்கள்? வாய்ஸ் மெசேஜ், இல்லையென்றால் வீடியோ. இராத்திரி ஷிப்ட் முடிந்து பேக்டரியிலிருந்து நடந்து வருகிற ஒருவர் கையில் அந்த வாய்ஸ் மெசேஜ் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருப்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவருக்கு நெட் தீர்ந்துபோயிருந்தது. அதற்கு முந்தின மூன்று நாளும் டவர் இல்லாமல் அவர் ஒரு எம்.பி.கூடத் தொடவில்லை.

அதனால்தான் மலையில் இருக்கிறவர்களுக்கு, தினக்கணக்கு பேக்கைவிட மொத்தமாக டேட்டா கொடுக்கிற பேக் நல்லது என்கிறேன். 28 நாளுக்கும் சேர்த்து இரண்டு ஜி.பி., மூன்று ஜி.பி. என்று வருவது. வாட்ஸ்அப் மெசேஜுக்கும், ஹட்டனுக்கு வாட்ஸ்அப்பில் பேசுவதற்கும் அது தாராளம். பேச்சு மட்டும் என்றால் ஒரு நிமிஷத்துக்கு ஒரு எம்.பி.கூட ஆகாது, வீடியோ காலும் ரீல்ஸும்தான் இழுக்கும். மேற்கொண்டு வேண்டுமானால் நெட் மட்டும் ஏற்றுகிற பூஸ்டர் போட்டுக்கொள்ளலாம், ஆனால் பூஸ்டரிலும் நாளைப் பார்க்கணும். ஒரு நாள் வேலிடிட்டி என்று இருப்பதை இராத்திரி பத்து மணிக்குப் போட்டால் பல பேக்குகளில் இரண்டு மணி நேரத்தில் காலி. மெயின் பேக் இருக்கிற வரைக்கும் இருக்கும் பூஸ்டரும் உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, அம்மாவுக்கு வருகிறேன். 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் எல்லாம் விலையை ஏற்றிய பிறகு, நெட் வேண்டாதவன் ஏன் நெட்டுக்கும் சேர்த்துக் கட்டணும் என்கிற பேச்சு நாடு முழுக்க எழுந்தது. அந்த வருஷம் டிசம்பரில் டிராய் விதியைத் திருத்தியது: பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பேக் ஒன்றாவது கட்டாயம் இருக்கணும், இந்த மாதிரி பேக்குகளுக்கு 90 நாள் என்று இருந்த உச்சவரம்பை 365 நாள் வரைக்கும் நீட்டிக்கலாம். 2025 ஜனவரியில் அந்த பேக்குகள் வந்தன. 84 நாளுக்கு 450 ரூபாயை ஒட்டி, வருஷத்துக்கு மொத்தமாக 2,000 ரூபாய்க்குள். அம்மா கட்டிக்கொண்டிருந்ததில் ஏறக்குறைய பாதி. கடையில் யாரும் இதைச் சொல்லவில்லை. நானே ஆப்பில் தேடினேன், மேலே வருவதெல்லாம் ஓ.டி.டி. சேர்ந்த பெரிய பேக்குகள், விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிக்குப் போனால்தான் இது கண்ணில் பட்டது.

உலகத்திலேயே நெட் விலை குறைவான நாடுகளில் நம் நாடும் ஒன்று என்று இதற்கும் ஒரு பதில் வரும். ஒரு ஜி.பி.க்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் அது சரிதான். ஆனால் ஜி.பி.யே வேண்டாதவருக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. பத்து ரூபாய் இருந்தால் போன் பேசலாம் என்று இருந்த இடத்தில், உள்ளே நுழைவதற்கே இன்று நூற்றுக்கணக்கில் வேண்டியிருக்கிறது. நிறையப் பயன்படுத்துகிறவனுக்கு மலிவு, கொஞ்சமாகப் பயன்படுத்துகிறவருக்கு விலை அதிகம். இது நியாயம் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். பயன்படுத்தின அளவுக்கு மட்டும் காசு பிடிக்கிற, வருஷம் முழுக்க லைன் உயிரோடு இருக்கிற ஒரு சிம் மறுபடியும் வரணும். ரீசார்ஜ் மெசேஜ் தமிழில் வரணும், எந்தத் தேதியோடு முடிகிறது என்று முதல் வரியிலேயே இருக்கணும்.

பணம் இல்லாமல் ரீசார்ஜ் தள்ளிப்போகிறவர்களுக்கு ஒன்று. சிம்மை 90 நாள் எதற்குமே பயன்படுத்தாமல் போட்டு வைத்தால்தான் நம்பர் கையைவிட்டுப் போகும் ஆபத்து. அந்த நேரத்தில் மெயின் பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நம்பரை இன்னும் 30 நாள் வைத்திருக்கணும் என்பது டிராய் விதி. கால் பேச முடியாது, ஆனால் ஆதாருக்கும் பேங்குக்கும் கொடுத்த நம்பர் தப்பும். அதே நம்பரோடு கம்பெனி மாற (போர்ட் செய்ய) நினைத்தால், பேக் இல்லாவிட்டாலும் 1900-க்கு போர்ட் எஸ்.எம்.எஸ். அனுப்ப விட்டாகணும், 2021 டிசம்பரிலேயே உத்தரவாகிவிட்டது. பேலன்ஸ் எங்கே போனது என்று சந்தேகம் வந்தால் பிரீபெய்டுக்கும் விவர பில் கேட்கலாம், அதற்கு 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது.

அம்மா போனில் அந்தப் பழைய பேக் முடிந்த அன்றே 84 நாள் பேச்சு பேக்கைப் போட்டுவிட்டேன். தினசரி காலண்டரில் முடிகிற தேதிச் சீட்டைத் தேடி எடுத்து, அதில் சிவப்புப் பேனாவால் 'போன்' என்று எழுதி ஓரத்தை மடித்து வைத்தேன். "நடுவுல போடவே வேண்டாமா?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டார். மறுநாள் காலையில் லயத்தில் விஷயம் தெரிந்து ஒவ்வொருவராகப் போனை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஏழு பட்டன் போன் பார்த்தேன், அஞ்சில் தினக்கணக்கு நெட் பேக். அஞ்சு வீட்டுக் காலண்டரிலும் தேதி எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். மேல் லயம் இன்னும் பாக்கி இருக்கிறது, பொங்கலுக்குப் போகும்போது பார்க்கணும்.