அது இர்மா தாமஸ் பாடிய பாட்டு

சனிக்கிழமை நம் பாட்டுக் கேட்கும் கூடலுக்கு வந்தவர்களுக்கு நடந்தது தெரியும். அமெரிக்கப் பாடகி இர்மா தாமஸின் ‘டைம் இஸ் ஆன் மை சைட்’ ஓடிக்கொண்டிருந்தபோது, “ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டை இந்தம்மாவும் நல்லாத்தான் பாடியிருக்காங்க” என்றார் ஒரு நண்பர். நாலு பேர் தலையாட்டினார்கள். அதற்குமேல் எனக்கு அங்கே உட்கார முடியவில்லை.

இர்மா பாடியது 1964இல். அதைக் கேட்டுத்தான் பிரிட்டிஷ் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் அதே வருடம் பாடினார்கள். நடுவில் பாட்டை நிறுத்திவிட்டு, விட்டுப்போகும் காதலனிடம் இர்மா பேசுவார். ஸ்டோன்ஸின் பாடகர் மிக் ஜாகரும் அதே இடத்தில் அதையே பேசுகிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், போதும். அவர்களுடையது அமெரிக்காவில் முதல் பத்துக்குள் போனது. இர்மாவுடையது இசைத்தட்டின் பின்பக்கத்தில் கிடந்தது.

“அதற்கு முன்பே ஜாஸ் கலைஞர் கை விண்டிங் இதைப் பதிவு செய்தாரே” என்று ஒருவர் வருவார். ஆமாம், 1963இல். அது டிராம்போன் வாசிப்பு, பின்னணிக் குரல்களுக்கு ஓரிரு வரிதான். சரி, இருக்கட்டும். இர்மாவின் ‘ரூலர் ஆஃப் மை ஹார்ட்’ பாட்டைத்தானே பாடகர் ஓடிஸ் ரெடிங் வரியை மாற்றி ‘பெயின் இன் மை ஹார்ட்’ ஆக்கினார்? அதற்கு என்ன சொல்வீர்கள்?

“பணம் வந்திருக்குமே” என்பவர்களுக்கு: இன்னொருவர் திரும்பப் பாடினால் பங்கு பாட்டு எழுதியவருக்குத்தான். முதலில் பாடியவருக்கு ஒரு காசு கிடையாது. நியூ ஆர்லியன்ஸில் பரிமாறும் வேலை பார்த்தபோது பாடியதற்காகவே வேலையை இழந்தவர் இர்மா. பத்தொன்பது வயதில் நாலு பிள்ளைகள். தானே எழுதிப் பாடிய ‘விஷ் சம்ஒன் வுட் கேர்’ அமெரிக்கத் தரவரிசையில் 17ஆம் இடம் வரை போன பிறகும், 1969 கமீல் சூறாவளியைத் தொடர்ந்து கலிபோர்னியா போய் ஒரு பெரிய கடையில் விற்பனை வேலைக்கு நின்றார். முதல் கிராமி இசை விருது 2007இல்தான் வந்தது.

எல்லாவற்றையும்விட எனக்கு வலிப்பது ஒன்று. ‘ஸ்டோன்ஸ் பாட்டு’ என்று கேட்டுக் கேட்டு, பல வருடம் அதை மேடையில் பாடுவதையே அவர் விட்டுவிட்டார். கல்லூரியில் நான் போட்ட மெட்டை ஒரு சீனியர் போட்டியில் பாடிப் பரிசு வாங்கினார். அப்புறம் நான் கிடாரை எடுத்தாலே, “அந்த அண்ணன் பாட்டுதானே?” என்பார்கள். இன்றுவரை அதை நான் வாசிப்பதில்லை. அதனால்தான் சொல்கிறேன், இது சின்ன விஷயம் இல்லை.

“2024இல் ஸ்டோன்ஸே அவரை மேடை ஏற்றிச் சேர்ந்து பாடினார்களே!” பாடினார்கள். அந்த வீடியோவைப் பார்த்து அழுதவன் நான். ஆனால் அப்போது அவருக்கு வயது 83. அறுபது வருடம் கழித்து! ஸ்டோன்ஸே ஒப்புக்கொண்டதை நம் கூடலில் ஒப்புக்கொள்ள ஏன் இவ்வளவு கஷ்டம்?

அடுத்த கூடலில் பட்டியல் என் முறை. முதலில் இர்மாதான். நடுவில் யாரும் பேச வேண்டாம்.