அவருடைய கூச்சத்துக்கு என் வயது போனது

நேற்று ராத்திரி சித்தி மகள் போன் செய்தாள். கல்யாணமாகி இரண்டரை வருஷம். குழந்தை தங்கவில்லை என்று, வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்க்கிற லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனுக்கு அடுத்த வாரம் அவளுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்களாம். தைராய்டு, ஏஎம்ஹெச் என்கிற ரத்தப் பரிசோதனை, நாலு மாசமாக ஒன்றுவிட்டு ஒருநாள் முட்டை வளர்வதைப் பார்க்கிற ஃபாலிகுலர் ஸ்கேன், கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று சாயம் செலுத்தி எடுக்கிற எக்ஸ்ரே எல்லாம் முடிந்துவிட்டது. எல்லாம் நார்மல். "தம்பி ரிப்போர்ட் என்ன?" என்று அவள் கணவரைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அவருக்கு எதுக்குக்கா? அவர் நல்லாத்தானே இருக்கார்."

பத்து வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். அதனால் அவளைத் திட்ட வாய் வரவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆனபோது வயது 30. முதல் வருஷம் "விசேஷம் உண்டா?" என்று கேட்டவர்கள், இரண்டாம் வருஷம் கேட்பதை நிறுத்திவிட்டு என் வயிற்றைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் பார்த்த டாக்டர் முதல் நாளே "ஹஸ்பண்டுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடலாம்" என்றுதான் சொன்னார். இவர் "அடுத்த வாரம்" என்றார். மாமியார் "எங்க வம்சத்துல அப்படி எவனும் இல்ல" என்றார். டாக்டர் இரண்டாவது தடவை கேட்கவில்லை, எனக்கு முட்டை வளர மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். இன்றுவரை எனக்கு வருத்தம் அந்த டாக்டர் மேல்தான். திருக்கருகாவூர் கோயிலில் குழந்தை வரத்துக்குத் தருகிற நெய்யைக்கூட இரண்டு பேரும் சாப்பிடச் சொல்கிறார்கள். டெஸ்ட் மட்டும் எனக்கு.

மூன்று வருஷம் போனது. 34 வயதில் ஒருநாள் நான் சாப்பிடாமல் உட்கார்ந்துகொண்டேன். சண்டை என்று சொல்ல முடியாது, ஆனால் வேலை செய்தது. (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.)

விந்துப் பரிசோதனைக்குச் சேலத்தில் ஒரு லேப். சாம்பிள் எடுக்கிற அறை என்று காட்டியது பில் கவுண்டரை ஒட்டிய பாத்ரூம். தாழ்ப்பாள் சரியாக விழாது. போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டார். வீட்டிலேயே எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவரலாம், குளிர விடக்கூடாது என்றார்கள். மறுநாள் அந்த அகலவாய் டப்பாவைச் சட்டைக்குள் பனியனோடு சேர்த்துச் செருகிக்கொண்டு ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்தார். ஓட்டியது நான். ஐந்து ரோடு சிக்னலில் நின்றபோது அவர் கை மார்பை விட்டு அகலவேயில்லை. லேப்பில் உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து "செமன் அனாலிசிஸ் யாருங்க?" என்று சத்தமாகக் கேட்டார். காத்திருந்த மூன்று ஆண்களும் ஒரே நேரத்தில் குனிந்து போனைப் பார்த்தார்கள். நான்தான் எழுந்து போய் டப்பாவைக் கொடுத்தேன்.

ஒரு மில்லிக்கு 50 லட்சம் விந்தணு. கேட்கப் பெரிய எண்ணாகத்தான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டில் கீழ் அளவே 1 கோடியே 60 லட்சம். அதோடு நூற்றுக்கு 42 பங்காவது அசைய வேண்டும். ஒரு மாசம் கழித்து இன்னொரு தடவை பார்த்தார்கள், கிட்டத்தட்ட அதேதான். ஒரு ரிப்போர்ட்டை மட்டும் வைத்து யாரும் முடிவு செய்யக்கூடாது. விந்தணு உருவாகி வெளியே வர ஏறக்குறைய மூன்று மாசம் ஆகிறது. நடுவில் நல்ல காய்ச்சல் வந்து போயிருந்தால்கூட எண்ணிக்கை விழும்.

யூராலஜிஸ்ட் கையால் தொட்டுப் பார்த்தே சொல்லிவிட்டார், வேரிகோசீல். சிலருக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளுமே, அதுபோல விதைப்பையில். அங்கே ரத்தம் தேங்கினால் சூடு ஏறும். உடம்பைவிட அந்த இடம் இரண்டு டிகிரியாவது குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உருவாகும். குழந்தைக்காக டாக்டரிடம் வரும் ஆண்களில் பத்துக்கு நாலு பேருக்கு இது இருக்கிறது. ஆபரேஷன் செய்துகொண்டார், ஆறு மாசத்தில் எண்ணிக்கை ஏறியது, விந்தணுவை நேராகக் கருப்பைக்குள் செலுத்துகிற ஐயூஐயில், மூன்றாவது தடவை கரு தங்கியது. மகளுக்கு இப்போது ஐந்து வயது. எல்லோருக்கும் இப்படி முடியாது என்பதும் தெரியும். ஆபரேஷன் செய்தும் ஏறாதவர்கள் உண்டு. அவர்களுக்கும் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துகிற இக்ஸி இருக்கிறது. அந்த முறையில் முதல் குழந்தைகள் பிறந்தது 1992-இல், பெல்ஜியத்தில்.

நான் கோபப்படுவது இந்தக் கணக்குக்குத்தான். பெண் பிறக்கும்போதே அவளுக்கான முட்டைகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. பிறகு குறைவது மட்டும்தான். 35 தாண்டினால் எண்ணிக்கையும் தரமும் வேகமாக இறங்கும். ஏஎம்ஹெச் காட்டுவதும் கையிருப்பைத்தான், தரத்தை அல்ல. ஆண் அடுத்த வாரம், அடுத்த மாசம் என்று தள்ளிப்போடும்போது கரைவது அவள் வயது. குழந்தை தாமதமாகும் வீடுகளில் ஏறக்குறைய பாதியில் ஆண் பக்கமும் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. இருந்தும் தெருவில் நான் கேட்டதெல்லாம் 'மலடி'தான். 'மலடன்' அகராதியில் பத்திரமாக இருக்கிறது.

அதற்காகக் கல்யாணமான மூன்றாம் மாசமே லேப்புக்கு ஓட வேண்டாம். இளம் தம்பதிக்கு எல்லாம் சரியாக இருந்தாலே ஒரு மாசத்தில் கரு தங்கும் வாய்ப்பு நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்றுதான். பெண்ணுக்கு வயது 35-க்குக் கீழே என்றால் ஒரு வருஷம், மேலே என்றால் ஆறு மாசம் பார்க்கலாம். மாதவிடாய் ஒழுங்காக வரவில்லையென்றால் காத்திருக்கவே வேண்டாம்.

ஜிம்முக்குப் போகிற தம்பிகளுக்கு ஒன்று. உடம்பு ஏற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறீர்களே, அது வெளியிலிருந்து வரவர உள்ளே விந்தணு உற்பத்தி படுத்துவிடும். சிலருக்குப் பூஜ்ஜியம்வரை போகும். நிறுத்திய பிறகு திரும்பி வரவே பல மாசம் ஆகலாம்.

அப்புறம் ஃபெர்டிலிட்டி சென்டர்கள். 2021-இல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி அவை பதிவு செய்திருக்க வேண்டும், பதிவெண்ணைக் கேளுங்கள். விளம்பரத்தில் போடுகிற 'வெற்றி சதவீதம்' டெஸ்ட் பாசிட்டிவ் ஆனதா, குழந்தை கையில் வந்ததா, எந்த வயதுப் பெண்களில் என்றும் கேளுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடலாம். கணவரைப் பரிசோதிக்காமலேயே உங்களுக்கு ஆபரேஷன் தேதி கொடுக்கிற இடத்தில் இன்னும் சீக்கிரமாக எழுந்து வரலாம்.

இன்று காலை சித்தி மகள் வீட்டுத் தம்பியே வாட்ஸப்பில் வந்தார். "அக்கா, எத்தனை நாள் இடைவெளி விடணும்?" கடைசியாக விந்து வெளியேறி இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மேல் போகாமல் சாம்பிள் கொடுக்கணும் என்று அனுப்பினேன். ரொம்ப நேரம் 'டைப்பிங்' என்றே காட்டிக்கொண்டிருந்தது.

"போன மாசம் டைபாய்டு வந்துச்சே, அதையும் சொல்லணுமா?"

சொல்லுங்க தம்பி என்றேன்.