புகைக்கு மருந்து ஒன்லைன் வகுப்பா?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ரொறன்ரோவிலிருந்து பேசிய அந்த அண்ணன் சொன்னதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடத்தான் நினைத்தேன். ஆனால் அந்தப் பேச்சை மட்டும் வெட்டியெடுத்துத் "தொலைநோக்கு" என்று தலைப்பிட்டு எல்லாக் குழுமங்களிலும் பகிர்ந்திருப்பதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கச்சான் காற்று வீசும் வெக்கைக் காலத்தில் பற்றைக்காடு எரிந்து புகை வந்தால் பாடசாலையை மூடிவிட்டு ஒன்லைனில் படிப்பிக்க வேண்டியதுதானே என்கிறார். கனடாக் காட்டுத்தீயின் புகை சூழ்ந்தபோது, 2023 ஜூன் 9ஆம் திகதி நியூயோர்க் நகரப் பாடசாலைகள் அப்படித்தான் செய்தனவாம். செய்தன, மறுக்கவில்லை. சன்னலை இறுக மூடிக் காற்று வடிகட்டியைப் போட்டுக்கொண்டு இருக்கக்கூடிய வீட்டுக்கு அது நல்ல யோசனைதான்.

திருகோணமலைத் திருக்கடலூரில் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் வீட்டுக்கு வாருங்கள். சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவில் கை நுழையும் இடைவெளி. மாரியில் அதில் சாக்கைச் செருகுவார்கள். கச்சானில் எடுத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் வெக்கையில் உள்ளே இருக்க முடியாது. 2.5 மைக்ரோமீற்றருக்கும் சிறிய புகைத்துகளுக்கு அந்த வீட்டில் உள்ளென்றும் வெளியென்றும் வேறுபாடு கிடையாது. அவளுக்கு முட்டு (ஆஸ்துமா) வேறு. வீட்டுக்குள் இரு என்று அவளிடம் சொல்வது, அதே புகையைப் பாயில் படுத்துக்கொண்டு சுவாசி என்று சொல்வதுதான்.

ஒன்லைன் கதையையும் பார்த்தாயிற்று. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது அவளுடைய அண்ணன் என்னிடம் படித்தான். வீட்டில் இருந்தது ஒரே போன், அதுவும் தகப்பனோடு கடலுக்குப் போய்விடும். அவர் கரைக்கு வந்த பிறகுதான் வட்ஸ்அப்பில் கிடந்த பாடங்களை அவன் கொப்பியில் பார்த்தெழுதுவான். பாடசாலை மீண்டும் திறந்தபோது அவனும் தகப்பனோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"அப்படியென்றால் பிள்ளைகளைப் புகைக்குள் அனுப்பச் சொல்கிறீர்களா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: இல்லை. 2022 டிசம்பர் 9ஆம் திகதி காற்று மாசினால் இலங்கை முழுவதும் பாடசாலைகளை மூடியதை நான் குறை சொல்லவில்லை. மூடுங்கள். ஆனால் மூடியதோடு கடமை முடிந்தது என்று கைகழுவாதீர்கள். இடைவெளிகளை அடைத்து, காற்று வடிகட்டி பூட்டிய ஒரு மண்டபத்தையாவது வீட்டில் இருக்க முடியாத பிள்ளைகளுக்குத் திறந்து வையுங்கள். துணி முகக்கவசம் இந்தத் துகளைத் தடுக்காது, என்95 கொடுங்கள். வசதி உள்ளவர்கள் ஒன்லைனில் படிக்கட்டும். அதை வைத்து "பாடம் முடிந்தது" என்று மட்டும் கணக்கெழுதாதீர்கள். 2024 நவம்பரில் டில்லி புகைமூட்டத்தில் கிடந்தபோது, பல பிள்ளைகளின் வீட்டில் காற்று வடிகட்டியும் இல்லை, ஒன்லைன் வகுப்புக்கு வசதியும் இல்லை, பாடசாலையில் கிடைக்கும் மதிய உணவும் போய்விடுகிறது என்று இந்திய உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்டியது. அந்த நீதிபதிகளும் முன்னேற்றத்துக்கு எதிரானவர்களாகத்தான் இருக்க வேண்டும்!

"வெளிநாட்டுக் காசு வேண்டும், யோசனை மட்டும் வேண்டாமோ?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். காசைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. பிள்ளைகளின் நெஞ்சைப் பற்றிப் பேசினால் பதிலுக்குக் காசுக் கணக்கைத்தான் நீட்டுவீர்கள் என்றால், இனி எந்த முகத்தோடு உங்கள் கூட்டத்துக்கு நான் வருவது?

அந்தக் கூட்டமும் சூமில்தானே நடந்தது. "பெற்றோரின் கருத்தும் கேட்டறியப்பட்டது" என்று அறிக்கையில் வேறு போட்டிருக்கிறீர்கள். திருக்கடலூர்த் தாய்மார் ஒருவரையும் திரையில் காணவில்லையே என்று அங்கேயே எழுதிக் கேட்டேன். நேரம் போதாது, அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள்; அதற்கான சூம் இணைப்பும் இன்று காலை வந்துவிட்டது.