ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்

நேற்று சாயங்காலம் குரூப்பில் ஒரு தம்பி, கூடைப்பந்து ஆட்டக்காரன் லூக்கா டோன்சிச்சின் பழைய அணிச் சட்டையில் நான் நிற்கிற படத்தைப் போட்டுக் கேலி செய்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் சிரித்தும் விட்டீர்கள். அங்கே நான் வாயைத் திறக்கவில்லை. ராத்திரி தூக்கம் பிடிக்காததால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

"வித்துப்போன ஆளுக்க சட்டையைப் போட்டுட்டு அண்ணன் இன்னும் அழுதுட்டு கெடக்காரு." படத்துக்குக் கீழே அந்தத் தம்பி எழுதியது இது. அழுதேன்தான். அதில் மறைக்க என்ன இருக்கிறது? லூக்காவின் அந்த 77-ஆம் நம்பர் டாலஸ் மேவரிக்ஸ் சட்டை குவைத்தில் இருந்து அத்தான் கொண்டுவந்தது. அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் லூக்கா டாலஸ் அணிக்கு ஆடிய காலத்தில் அதைப் போட்டுக்கொண்டு விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, வீட்டில் யாரும் விழிக்காதபடி போனில் சத்தத்தைக் குறைத்து ஆட்டம் பார்த்தவன் நான். 2024 பிளே-ஆஃபில் மின்னசோட்டாவுக்கு எதிராக, மூன்று விநாடி மிச்சம் இருக்கும்போது அந்த அணியின் கோபேரின் தலைக்கு மேலே அவன் போட்ட ஷாட்டைப் பார்த்துக் கத்தியதில் அம்மா பதறி ஓடி வந்தார். 109-108. இன்னும் மனப்பாடமாக இருக்கிறது.

2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து இறைச்சிக்கடை வரிசையில் நிற்கிறேன். பதினொரு மணிகூட ஆகவில்லை. குளச்சலில் இருந்து நண்பன் அனுப்பினான்: "லே மக்கா, லூக்காவ லேக்கர்ஸுக்குக் குடுத்துட்டானுவளாம்." லேக்கர்ஸ் என்றால் லாஸ் ஏஞ்சலஸ் அணி. செய்தி போட்ட என்பிஏ செய்தியாளர் ஷாம்ஸ் சரானியாவின் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். உலகம் முழுக்கப் பலர் அப்படித்தான் நினைத்தார்கள். லூக்காவுக்கே தெரியாது. தூங்கப் போகிற நேரத்தில் போன் வந்ததாம். இன்றைக்கு ஏப்ரல் முதல் தேதியா என்று பார்த்தேன் என்று பிறகு சொன்னான். பயிற்சியாளர் ஜேசன் கிட்டுக்கே கடைசி நேரத்தில்தான் தெரிந்தது.

என் கோபம் முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்தொன்பது வயதில் வந்த பையன். ஐந்து வருடம் தொடர்ந்து, லீக்கின் சிறந்த ஐந்து பேர் என்று தேர்ந்தெடுக்கும் ஆல்-என்பிஏ முதல் அணியில் இருந்தான். ஒரே ஆட்டத்தில் 73 புள்ளி எடுத்தான். எட்டு மாதத்துக்கு முன்புதான் இறுதிப் போட்டிக்குக் கூட்டிப்போனான். அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "தம்பி, இப்படி ஒரு யோசனை இருக்கிறது" என்று சொல்ல முடியாதா?

"இது வியாபாரம், இதில் என்ன பாசம்" என்பவர்களுக்கு: சரி, வியாபாரமாகவே பேசுவோம். நம்ம கடற்கரையில் ஒரு நெய்மீன் கரைக்கு வந்தால் என்ன செய்வார்கள்? ஏலம் விடுவார்கள். நாலு வியாபாரி சுற்றி நிற்பார்கள், விலை ஏறும். முதலில் வந்த ஒருவரை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டுக் காதில் விலை பேசிக் கொடுத்துவிட்டால், வள்ளத்தில் போனவன் சும்மா இருப்பானா? டாலஸ் பொது மேலாளர் நிகோ ஹாரிசன் செய்தது அதைத்தான். மற்ற அணிகளிடம் விலை கேட்கவே இல்லை. பதிலுக்கு வாங்கியது லேக்கர்ஸ் ஆட்டக்காரர்கள் ஆந்தனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029-இல் புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் ஒரே ஒரு முதல் சுற்று டிராஃப்ட் உரிமை, அவ்வளவுதான். அதற்கு முந்தைய வருடம், நட்சத்திரங்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ஒரு தடவைகூடத் தேர்வாகாத மிக்கல் பிரிட்ஜஸுக்கு நியூயார்க் ஐந்து முதல் சுற்று உரிமைகளைக் கொடுத்தது. வியாபாரம் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை எனக்கு விளக்கட்டும்.

கொடுத்ததும் யாருக்கு? லேக்கர்ஸுக்கு. ஏற்கெனவே 17 பட்டம் வைத்திருக்கிற அணிக்கு. அதே மேற்குப் பிரிவில், வருடத்துக்கு மூன்று நாலு தடவை நேருக்கு நேர் வந்து நிற்கிற எதிரிக்கு. பக்கத்தில் சான் அன்டோனியோ வெம்பன்யாமாவை வைத்துக்கொண்டு எழும்புகிறது. ஹூஸ்டன் அப்புறம் டுராண்டையும் கொண்டுவந்துவிட்டது. டெக்சாஸுக்குள்ளேயே இரண்டு பேர் கத்தி தீட்டிக்கொண்டிருக்கும்போது, நம்ம அரிவாளை எடுத்து மூன்றாவது ஆள் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்து, டிஃபன்ஸ், அதாவது எதிரணியைத் தடுத்து ஆடுவது. லூக்கா டிஃபன்ஸ் ஆடமாட்டான், உடம்பைக் கவனிக்கமாட்டான், நடுவரிடம் சண்டை போட்டுக்கொண்டே நிற்பான் என்கிறீர்கள். இதில் உண்மை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். 2024 இறுதிப் போட்டியின் மூன்றாவது ஆட்டத்தில் டாலஸ் 21 புள்ளி பின்தங்கி, ஒரு புள்ளி வரைக்கும் நெருங்கிய ஆட்டத்தில், நாலு நிமிடத்துக்கும் மேல் மிச்சம் இருக்கும்போது ஆறாவது ஃபவுல் வாங்கி அவன் வெளியேறினான். அன்று நானும் திட்டினேன். ஆனால் திட்டுவது வேறு, வீட்டை விட்டு அனுப்புவது வேறு. டிஃபன்ஸ்தான் பட்டம் வாங்கித் தரும் என்று சொல்லிக் கூட்டிவந்த டேவிஸ் முதல் ஆட்டத்திலேயே 26 புள்ளி, 16 ரீபவுண்ட் எடுத்துவிட்டு அடிபட்டு உட்கார்ந்தார். அவரைக் குறை சொல்லவில்லை, பாவம். அடுத்த மாதமே டாலஸின் இன்னொரு நட்சத்திரம் கைரி இர்விங்கின் முழங்கால் கிழிந்தது. தன் பங்குக்கு மேல் சுமந்தால் அப்படித்தான் ஆகும் என்று நான் நினைக்கிறேன், மருத்துவர் என்ன சொன்னாலும் சரி.

"கூப்பர் ஃபிளாக் கிடைத்தானே, அப்புறம் என்ன?" இது இப்போது எல்லோரும் சொல்வது. லூக்கா போன பிறகு டாலஸுக்கு வந்த அந்தப் பையன் ஃபிளாக்கை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பதினெட்டு வயதில் வந்தவனிடம் பந்தைக் கொடுத்து, ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டாக நிற்கவைத்தார்கள், முகம் சுளிக்காமல் ஆடினான். ஆனால் அவன் வந்தது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. டிராஃப்டில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் இடம் குலுக்கலில் டாலஸுக்குக் கிடைக்க இருந்த வாய்ப்பு 1.8 சதவீதம். அதைத் திட்டம் என்று சொல்லாதீர்கள். திட்டம் போட்ட ஹாரிசனை 2025 நவம்பர் 11 அன்று அவர்களே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். லூக்காவும் ஃபிளாக்கும் ஒரே சட்டையில் ஆடியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

டாலஸ் அரங்குக்கு வெளியே டிர்க் நோவிட்ஸ்கியின் சிலை இருக்கிறது. 21 சீசன் ஒரே அணிக்கு ஆடிய மனிதர். அவரால்தான் நான் இந்த அணிக்கு வந்தேன். 2011-இல் மயாமியை வீழ்த்திய ஆட்டத்தை நாகர்கோவிலில் ஒரு பிரவுசிங் சென்டரில், துண்டு துண்டாக லோட் ஆன வீடியோவில் பார்த்தவன் நான். அந்தச் சிலையின் அடியில் 'விசுவாசம் ஒருபோதும் மங்காது' என்ற பொருளில் எழுதியிருக்கிறது. லூக்கா போன அன்று ரசிகர்கள் அங்கே பூ வைத்தார்கள். அவர்களையும் பைத்தியக்காரர்கள் என்பீர்களா?

"எங்கேயோ அமெரிக்காவில் எவனோ ஆடுவதற்கு உனக்கு என்ன?" இதற்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. உலகக் கோப்பை வந்தால் தூத்தூரில் இருந்து நீரோடி வரைக்கும் பிரேசில் கொடியும் அர்ஜென்டினா கொடியும் கட்டுகிறோம். அப்போது இதை யாரும் கேட்பதில்லை.

எனக்கு என்ன என்று இப்போது சொல்கிறேன். குரூப்பில் பழைய ஆட்களுக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியாது. ஒரு கிளப்புக்கு நான் ஆறு வருடம் ஆடினேன். பெயர் வேண்டாம். 2016 டிசம்பர், வெளியூரில் டோர்னமென்ட். விடியற்காலை வடசேரி பஸ் ஸ்டாண்டில் வேன் வரும் என்றார்கள். அம்மா முந்தின நாள் உட்கார்ந்து டீமுக்கே முந்திரிக்கொத்து சுட்டு, ஒரு பெரிய டப்பாவில் போட்டுத் தந்தார். நான் பையோடு போய் நின்றேன். வேன் வந்தது. ஏறப் போனேன். "ஒன் பேரு லிஸ்ட்ல இல்லியே, ஒனக்குச் சொல்லலியா?" என்று கேட்டார்கள். உள்ளே என் இடத்தில் வெளியில் இருந்து கூட்டிவந்த ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். அவன் என்னைவிட நன்றாக ஆடுவான், அது எனக்கும் தெரியும். முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குக்கூட அதே ஆட்களோடு டீ குடித்தேன். ஒருவரும் சொல்லவில்லை. டப்பாவை வேனில் கொடுத்துவிட்டு வந்தேன். திருப்பி எடுத்துப் போனால் அம்மா கேட்பார் அல்லவா. மூன்று நாள் நண்பன் வீட்டில் தங்கிவிட்டு, ஆடிவிட்டு வந்ததாக வீட்டில் சொன்னேன்.

அந்த ஆறு வருடமும் நான் சரியாக ஆடாதவனாகவே இருக்கட்டும். எடுத்தது தப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

2025 ஏப்ரலில் லூக்கா லேக்கர்ஸ் சட்டையில் டாலஸுக்குத் திரும்ப வந்த ஆட்டம் நமக்கு வியாழக்கிழமை விடியற்காலை. இருக்கைகளில் ஸ்லோவேனிய மொழியில் 'எல்லாவற்றுக்கும் நன்றி' என்று எழுதிய வெள்ளைச் சட்டைகளை விரித்திருந்தார்கள். அவனுடைய பழைய ஆட்டங்களின் வீடியோவைப் போட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் கண்ணைத் துடைத்தான். அப்புறம் எழுந்து போய் 45 புள்ளி எடுத்து நம்மைத் தோற்கடித்தான். நான் டாலஸ் ரசிகன். அன்று அவன் போட்ட ஒவ்வொரு பந்துக்கும் கைதட்டினேன். இது முரண் என்றால் இருக்கட்டும்.

தம்பி, நீ லேக்கர்ஸ் ஆள், உனக்குச் சந்தோஷம், அதில் எனக்கு வருத்தமே இல்லை. என் படம் அங்கேயே கிடக்கட்டும். கீழே எழுதியதை மட்டும் எடுத்துவிடு. ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டுக்கு அதே சட்டையில்தான் வருவேன். டீமை மாற்றிப் பிரித்திருந்தால் மட்டும் சனிக்கிழமை ராத்திரிக்குள் எனக்கு ஒரு மெசேஜ் போட்டுவிடு.